தோட்டக்கலையை இணையத்தில் இலவசமாகக் கற்க: எதை முதலில், எதை அப்புறம்?

தோட்டம் போடவும் அதை அழகாக வடிவமைக்கவும் கற்றுக்கொள்ள இன்று காசு கட்டத் தேவையில்லை. பல்கலைக்கழகங்களே பாடங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. சிக்கல், தேடும்போதுதான் வருகிறது. முதலில் கண்ணில் படுவது லண்டன் குளிருக்கு எழுதிய ரோஜா வளர்ப்புக் குறிப்பு. அடுத்து வாழைப்பழத்தோல் வித்தை காட்டும் காணொளி. நமக்கு வேண்டியது எங்கோ அடியில் கிடக்கும்.

அதனால் ஒரு வரிசை சொல்கிறேன். வடிவமைப்பை உலகின் எந்த மூலையிலிருந்தும் கற்கலாம். செடி, பட்டம் (விதைக்கும் பருவம்), பூச்சி இந்த மூன்றை மட்டும் நம் ஊரிலிருந்து, அல்லது நம்மைப் போல வெயில் காயும் ஊர்களிலிருந்து கற்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் சின்ன வீட்டுத் தோட்டமோ மாடித் தோட்டமோ தொடங்குபவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் சில கணக்குகள் மாறும்.

முதலில் உங்கள் மனை

எந்த நல்ல வடிவமைப்புப் பாடமும் இடத்தைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஒரு கிராஃப் தாள், அளவு நாடா, பென்சில் போதும். 2 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்து மனையை வரையுங்கள். வாசல், சன்னல், குழாய், சம்ப், செப்டிக் டேங்க், ஏற்கெனவே நிற்கும் மரம், மழைக்குத் தண்ணீர் தேங்கும் மூலை எல்லாவற்றையும் குறியுங்கள். இதை முடிக்காமல் காணொளி பார்க்க உட்கார்ந்தால் அடுத்தவர் தோட்டத்தின் மேல் ஆசைதான் வளரும்.

அடுத்தது வெயில். சன்கால்க் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. அதில் உங்கள் வீட்டைக் கண்டுபிடித்துத் தேதியையும் நேரத்தையும் நகர்த்தினால் சூரியன் எந்தப் பக்கம் நிற்கும், நிழல் எங்கே விழும் என்று காட்டும். வரப்போகும் மாதங்களையும் இப்போதே பார்த்துவிடலாம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கக் குறிப்புகளில் தெற்குப் பக்கம் என்றால் வெயில், வடக்குப் பக்கம் என்றால் நிழல். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். நமக்கு அப்படி இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் அது வடக்கே சாய்ந்திருக்கும். நிழல் என்று நம்பி வடக்குச் சுவரோரம் வைத்த பெரணி கோடையில் கருகுவது இதனால்தான். டிசம்பரில் கதை தலைகீழ். நண்பகலிலேயே சூரியன் தெற்கே சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 6 மீட்டர் உயர வீட்டின் நிழல் வடக்கே கிட்டத்தட்ட நாலரை மீட்டர் நீளும். மார்கழியில் அந்தப் பக்கம் தக்காளி பழுக்கவில்லை என்றால் உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாடியில் போடுபவர்கள் எடையையும் கணக்குப் போட வேண்டும். ஈரமான தோட்ட மண்ணை ஓரடி ஆழத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி சொல்லும் அடிப்படைப் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடியில் மண் பாத்தி கட்டுவதாக இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு கலந்த லேசான கலவையைப் பைகளில் நிரப்பி, அவற்றைச் சுவர், பீம் ஓரங்களில் வைப்பதுதான் பாதுகாப்பு.

தமிழிலேயே இருக்கும் பாடம்

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் போர்ட்டல் நம் அடிப்படைப் பாடநூல். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பார்க்கப் பழைய தளம் போல இருக்கும், தேடுவதும் கொஞ்சம் சிரமம். ஆனாலும் காய்கறி, பூ, பழம் ஒவ்வொன்றுக்கும் ரகம், பருவம், இடைவெளி, உரம், பூச்சி, நோய் என்று முறையாக இருக்கும். பூச்சித் தாக்குதலின் படங்களும் இருப்பதால் உங்கள் இலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். தோட்டக்கலைப் பகுதிக்குள் நில எழிலூட்டல், அதாவது லேண்ட்ஸ்கேப்பிங் பற்றியும் குறிப்புகள் உண்டு. புல்தரை, வேலி, கொடி என்று சுருக்கமாகத்தான் இருக்கும். தொடக்கத்துக்கு அது போதும்.

அந்தத் தளம் விவசாயிக்காக எழுதப்பட்டது. எல்லாமே எக்டர் கணக்கு. அதைச் சின்னதாக்கத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். ஒரு எக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். எக்டருக்கு 25 டன் தொழுவுரம் என்று போட்டிருந்தால் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. தக்காளிக்கு 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியில் மூன்று அல்லது நாலு செடிதான் கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதே பாத்தியில் பத்துச் செடி நடுவார்கள், அப்புறம் காய்க்கவில்லை என்று மருந்து தேடுவார்கள்.

மாடித் தோட்டம் பற்றி மாநிலத் தோட்டக்கலைத் துறையின் தளத்தையும் பாருங்கள். பை, நார்க்கழிவு, விதை அடங்கிய தொகுப்பை மானிய விலையில் தருகிறார்கள். அறிவிப்பு வரும் சமயத்தில் பதிவு செய்ய வேண்டும். நார்க்கழிவுக் கட்டி எங்கே வாங்கினாலும் ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, உப்பு இறங்கிய பிறகு பயன்படுத்துங்கள்.

இலங்கை வாசகர்களுக்கும் இதே போல ஒரு வழி இருக்கிறது. பேராதனையிலிருந்து இயங்கும் விவசாயத் திணைக்களத்தின் தளத்துக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் பெரும்போகம், சிறுபோகக் கணக்கிலேயே வாசிக்கலாம். 1920 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

இந்த இரண்டாம் படியில் ஆழமாகப் போகத் தேவையில்லை. வெண்டை, கத்தரி, கீரை, செம்பருத்தி என்று நாலைந்து செடிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் முழுதாகப் படியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் வெயில் தெரிந்த வெளிநாடுகள்

அழகுச் செடிகளைப் பற்றி நம் தளங்களில் கிடைப்பது குறைவு. அதற்கு நான் முதலில் போவது சிங்கப்பூர். அந்நாட்டுத் தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸ், ஃப்ளோரா அண்ட் ஃபானா வெப் என்று ஒரு தகவல் தளம் வைத்திருக்கிறது. அதில் செடியின் தாவரவியல் பெயரைப் போட்டால் எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு வெயில் வேண்டும், எவ்வளவு தண்ணீர், வேலிக்கு ஆகுமா தரைமூடிக்கு ஆகுமா, பதியனா விதையா என்று ஒரே பக்கத்தில் கிடைக்கும். இட்லிப்பூ, நந்தியாவட்டை, மந்தாரை, அலமாண்டா என்று நம் தெருவில் நிற்கும் செடிகள் பலவும் அங்கே இருக்கின்றன. தண்ணீர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. சிங்கப்பூரில் வருஷம் முழுக்க மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்தால் மாதக் கணக்கில் வறட்சிதான். அவர்கள் மிதமான தண்ணீர் என்று சொல்வது இங்கே சித்திரையில் தினமும் ஊற்றுவதாகிவிடும்.

இரண்டாவது அமெரிக்காவின் ஃப்ளோரிடா. ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1914-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்பின் அங்குள்ள மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் விரிவாக்கப் பிரிவு வைத்து இலவசமாக எழுதிக் குவிக்கின்றன. அவற்றில் நமக்கு நெருக்கமானது ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஐஃபாஸ் என்ற உணவு, வேளாண் அறிவியல் நிறுவனம். மணல் மண், புழுக்கம், கடலோரக் காற்று என்று சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பழக்கமான தொல்லைகள் எல்லாம் அங்கேயும் உண்டு. ஃப்ளோரிடா ஃப்ரெண்ட்லி லேண்ட்ஸ்கேப்பிங் என்று அவர்கள் வகுத்திருக்கும் ஒன்பது கொள்கைகளைக் கட்டாயம் வாசியுங்கள். இடத்துக்கு ஏற்ற செடி, அளவான தண்ணீர், மூடாக்கு (இலை, சருகால் மண்ணை மூடுதல்), குப்பையை உரமாக்குதல், மழைநீர் வெளியே ஓடாமல் பார்த்தல் என்று போகும். அந்த வரிசையில் செடிதான் முதலில் வருகிறது, உரம் அதற்கப்புறம். நம் ஊரில் நர்சரிக்குப் போனதும் உரப் பையைத் தூக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

வடிவமைப்புப் பாடம்

இப்போதுதான் லேண்ட்ஸ்கேப் டிசைன் பக்கம் வருகிறோம். ரூர்க்கி ஐஐடி வழங்கிய லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சர் அண்ட் சைட் பிளானிங் என்ற அடிப்படைப் பாடம், ஐஐடிகளின் இலவச இணையப் பாடத் தளமான என்பிடெலில் இருக்கிறது. விரிவுரைகளை யூடியூபிலேயே பார்க்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடக்கும்போது சேர்ந்தால் பயிற்சிக் கேள்விகளும் கிடைக்கும். படிப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வீட்டுத் தோட்டத்துக்குச் சான்றிதழ் எதற்கு? தேர்வை விட்டுவிடுங்கள். கல்லூரி மாணவர்களுக்கான பாடம் என்பதால் வரலாறும் கோட்பாடும் நிறைய வரும். மனை ஆய்வு, சரிவு, வடிகால், செடித் தேர்வு பற்றிய பகுதிகளை முதலில் பாருங்கள்.

வாசிக்க விரும்புபவர்களுக்கு வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் தோட்டக்காரர் கையேட்டை முழுதாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் நில வடிவமைப்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. செடிப் பட்டியல்களைத் தள்ளிவிட்டு, வரைபடம் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடங்கள் எல்லாமே ஒரே பயிற்சியைச் சொல்லித் தருகின்றன. முன்பு வரைந்த மனைப் படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, செடியே வரையாமல் வெறும் வட்டங்கள் போடுங்கள். உட்கார ஓர் இடம், துணி காயப்போட ஓர் இடம், கீரைக்கு ஓர் இடம், வண்டி நிற்க ஓர் இடம், கோலம் போட வாசல். எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்கு அடிக்கடி நடப்பீர்களோ அங்கே கோடு போட்டால் அதுதான் நடைபாதை. இதையே மூன்று நாலு விதமாக வரைந்து பாருங்கள். வட்டங்கள் சரியாக அமைந்தபிறகு செடி தேர்ந்தெடுப்பது சுலபம். கீரைப் பாத்தி குழாயிலிருந்து தூரமாகப் போனால் நாளடைவில் அது காயும். இதைத் தாளில் பிடித்துவிட்டால் செலவில்லை.

சில அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடக்கும் பாதை 90 சென்டிமீட்டர், இருவர் சேர்ந்து நடக்க 1.2 முதல் 1.5 மீட்டர். தோட்டப் படிக்கட்டுக்கு உயரம் 15, கால் வைக்கும் அகலம் 30 சென்டிமீட்டர் வைத்தால் முதியவர்களும் சுகமாக ஏறலாம். தரை வீட்டிலிருந்து வெளியே சரிய வேண்டும், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் போதும். இது தவறினால் ஐப்பசி மழையில் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

செடியைப் படத்தில் வரையும்போது நர்சரியில் பார்த்த அளவில் வரையாதீர்கள், வளர்ந்து முடித்த அகலத்துக்கு வட்டம் போடுங்கள். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்கள் கெடுவது இந்த ஒரு இடத்தில். கைக்குழந்தை போல வாங்கிவந்த வேம்பு பத்துப் பதினைந்து மீட்டர் உயரும். மதில் ஓரத்தில் அதற்கு இடமில்லை. உயரமானது பின்னால், நடுத்தரம் நடுவில், குட்டை முன்னால் என்ற அடுக்கு முறை எந்த ஊருக்கும் பொருந்தும். பின்னால் செம்பருத்தி, நடுவில் இட்லிப்பூ, முன்னால் டேபிள் ரோஸ் என்று தொடங்கிப் பாருங்கள். பத்துவகைச் செடியில் ஒவ்வொன்று வாங்குவதைவிட மூன்று வகையில் ஐந்தைந்து வாங்கினால் தோட்டம் ஒழுங்காகத் தெரியும்.

புல்தரை பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் வேண்டாம். கொரியன் புல் படத்தில் அழகு. தண்ணீரும் களையெடுப்பும் யார் பொறுப்பு என்று வீட்டில் பேசி முடித்த பிறகு போடலாம்.

கணினியில் வரைய ஆசையா? ஸ்கெட்ச்அப் இணையப் பதிப்பு இலவசம். ஆனால் அதைக் கற்கவே நேரம் பிடிக்கும். சின்ன மனைக்குக் கிராஃப் தாளே வேகமானது.

வெளிநாட்டுக் குறிப்பை வாசிக்கும்போது

ஆங்கிலத் தளங்களில் அடிக்கடி வரும் சில சொற்களை நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஹார்டினஸ் ஸோன் என்று 1 முதல் 13 வரை எண் போடுவார்கள். அது ஒரு ஊரின் குளிர் எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் வைத்துச் சொல்வது. நம் சமவெளிச் செடிகளைக் கொல்வது குளிர் அல்ல, வெயில்தான். அதனால் அந்த எண்ணைக் கவனிக்கவே தேவையில்லை. கடைசி உறைபனித் தேதி என்பதும் அப்படித்தான். நமக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம்தான் கணக்கு.

ஃபுல் சன் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில். அதைச் சித்திரை வெயிலுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் காய்கறி நாற்று வாடும். அந்த மாதங்களில் மேற்கு வெயிலைத் தடுக்க நிழல்வலை கட்டலாம். வாரம் ஒரு அங்குலம் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 25 லிட்டர். பீட் மாஸ் என்று வரும் இடத்தில் நார்க்கழிவு என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புதான் ஆபத்தானது. மழை அதிகமுள்ள குளிர்நாடுகளில் மண் புளிப்பாகிவிடும், அதனால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். நம் கரிசல் மண்ணும் உப்பு ஏறிய போர் தண்ணீரும் பெரும்பாலும் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டவை. மண் பரிசோதனை இல்லாமல் சுண்ணாம்பு சேர்த்தால் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாகும்.

லன்டானா எனப்படும் உண்ணிச்செடியை வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது என்று சில வெளிநாட்டுத் தளங்கள் பரிந்துரைக்கும். நம் காடுகளில் அது பரவிச் செய்திருக்கும் சேதம் போதும், வீட்டுக்குள் வேறு அழைக்க வேண்டாம். குளம் வைப்பவர்கள் ஆகாயத்தாமரையையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். அரளி அழகானது, வறட்சி தாங்குவது, எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தை உள்ள வீட்டில் யோசித்து வையுங்கள். நாய், பூனைக்கு ஆகாத செடிகளின் பட்டியலை ஏஎஸ்பிசிஏ என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பு இலவசமாக வைத்திருக்கிறது.

யூடியூப், செயலிகள்

தமிழ் யூடியூபில் நல்ல தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். யாரை நம்புவது என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. எந்த ஊர், எந்த மாதம் என்று சொல்கிறாரா? இரண்டு மாதம் கழித்து அதே செடியைக் காட்டுகிறாரா? செத்த செடியையும் காட்டுகிறாரா? கடைசியில் தன் கடைப் பொருளில்தான் முடிக்கிறார் என்றால் பாதியைக் கழித்துக் கேளுங்கள்.

முட்டை ஓட்டை நசுக்கிப் போட்டால் தக்காளியின் அடிப்பகுதி கறுப்பது நிற்கும் என்று ஒரு வித்தை சுற்றுகிறது. ஓடு கரைய நெடுங்காலம் ஆகும், காரமான மண்ணில் இன்னும் தாமதமாகும். தொட்டியில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதால் வருவது. சீராக ஊற்றினாலே குறையும். ஓட்டை மக்குத் தொட்டியில் போடுங்கள், வீணாகாது.

செடியின் பெயர் தெரியவில்லை என்றால் பிளான்ட்நெட் செயலியில் இலை, பூ இரண்டையும் படமெடுத்துப் போடுங்கள். வெறும் இலைப் படத்தில் அது தடுமாறும். அது தரும் தாவரவியல் பெயரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்த் தளத்திலோ அக்ரிடெக்கிலோ தேடுங்கள். நோயைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லும் செயலிகளை நம்பி மருந்து அடிக்காதீர்கள்.

மாட்டிக்கொண்டால்

தளத்தைப் பார்த்தும் தீராத பிரச்சினை வரும். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையங்களில் மாடித் தோட்டம், மண்புழு உரம் போன்ற பயிற்சிகள் அவ்வப்போது நடக்கும். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது.

செடி வாங்கும் முன் ஒரு பூங்காவையும் சுற்றிவிடுங்கள். சென்னையில் என்றால் செம்மொழிப் பூங்கா. பெயர்ப்பலகை உள்ள செடியைப் படமெடுத்துக்கொண்டு, வளர்ந்தபின் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று அங்கேயே காலடியால் அளக்கலாம். மே மாதப் பகலில் போனால் வெயில் தாங்கி நிற்பது எது, துவண்டு கிடப்பது எது என்பதும் தெரியும்.

பங்குனி, சித்திரையில் மனைப் படமும் வெயில் கணக்கும் முடியட்டும். வைகாசி, ஆனியில் பாடங்களைப் பார்த்து வட்டங்கள் வரையுங்கள், மண் கலவையை ஆறவிடுங்கள். ஆடியில் வெண்டை, கத்தரி, கொத்தவரை விதைக்கலாம். ஆடி ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால் கீரையில் தொடங்குங்கள். அடைமழை நாட்களைத் தவிர்த்தால் கிட்டத்தட்ட எப்போதும் விதைக்கலாம். சிறுகீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் சமையலுக்கு வந்துவிடும்.